சிறார் வன்முறை அலர்ட் ஆப்: மூணு மாசம் வச்சிருந்து பாத்தாச்சு, 5-க்கு 2 ஸ்டார்

மொதல்லயே சொல்லிடறேன், 2 ஸ்டார் தான். ஒண்ணு எழுத்து பெருசா தெளிவா இருக்கறதுக்கு, இன்னொண்ணு வேணாம்னு சொன்னப்ப இழுத்தடிக்காம விட்டதுக்கு. ஆப் பேர் போடல, ஏன்னா இதே மாதிரி நாலஞ்சு இருக்கு, எல்லாம் ஒரே அச்சுல வார்த்தது, ஐகான் கலர் மட்டும் தான் வேற. அடிப்படைல நியூஸ் ஆப், ஆனா உள்ள பெற்றோருக்குன்னு தனியா ஒரு சந்தா இருக்கு, அதுல "சிறார் வன்முறை"ங்கற தலைப்பை டிக் பண்ணிட்டா எந்த மூலைல எந்த பையன் எவன அடிச்சாலும் அடுத்த நிமிஷம் நம்ம போன் கத்தும்.

எனக்கு 15 வயசுல ஒரு பையன். சேர்த்துவிட்டது அவங்கப்பா. "இப்ப இருக்கற பசங்க கத்தி எடுக்கறதுக்கெல்லாம் யோசிக்கறதே இல்ல, நம்மளுது நல்ல புள்ள தான், கூட சுத்தறது எப்படியோ, தெரிஞ்சு வச்சுக்கறது நல்லது தானே"ன்னார். எனக்கும் சரின்னு தான் பட்டுச்சு. டெய்லி ஏதாவது ஒண்ணு கேள்விப்படறோம், பத்து வருஷத்துக்கு முன்ன இப்படியா இருந்துச்சுன்னு நானே நாலு பேர்கிட்ட பேசியிருக்கேன்.

இன்ஸ்டால் பண்றது ஈசி, குறை சொல்ல ஒண்ணுமில்ல. வேகமும் பயங்கரம், டிவில வர்றதுக்கு முன்னாடி இதுல வந்துரும். படிக்க நேரமில்லன்னா வாசிச்சும் காட்டும், அந்த குரல் தான் கொஞ்சம் பேய்ப்பட டிரெய்லர் மாதிரி இருக்கும். எல்லா அலர்ட்டும் செவப்பு கட்டத்துல தான் வரும், கொலையும் செவப்பு, பஸ்ல சீட்டுக்கு நடந்த தள்ளுமுள்ளும் அதே செவப்பு. சவுண்ட மாத்தவே முடியாது, ஆம்புலன்ஸ் சைரன்ல பாதி. ராத்திரி பதினோரு மணிக்கு அது அடிச்சா பக்கத்து ரூம்ல தூங்கற பையன ஒரு தடவ எட்டிப் பாத்துட்டு தான் திரும்ப படுக்க முடியும், அத்தனை நாளும் அப்படி தான் பாத்தேன்.

ரெண்டு வாரத்துல வீடு மாறிப் போச்சு. டியூஷன்ல இருந்து 40 நிமிஷம் லேட்டா வந்தான்னு ஒருநாள் அவன் பேகை கொட்டி கவுத்து பாத்தேன், அவன் வாசல்ல நின்னு பாத்துகிட்டே இருந்தான், ஒரு வார்த்த பேசல. உள்ள இருந்தது ரெண்டு நோட்டு, நசுங்கின வாட்டர் பாட்டில், மூடி தொலைஞ்ச மூணு பேனா. அவ்ளோ தான். கூட வர்ற பையன் ஒருத்தன் முடிய ஒரு மாதிரி வெட்டியிருக்கான்னு அவன வீட்டுக்குள்ள கூப்பிடறதயும் நிறுத்தியிருந்தேன், அது இன்னும் கேவலம்.

அப்புறம் தான் என் தொழில் புத்தி வேல செஞ்சுது. நான் ஒரு குடோன்ல ஸ்டாக் கணக்கு எழுதறவ. சரக்கு உள்ள வந்தா என்ட்ரி, வெளிய போனா என்ட்ரி, மாசக் கடைசில எண்ணிப் பாத்து டாலி ஆகணும். ஒரே பில் ரெண்டு தடவ ஏறியிருந்தா தூக்கத்துல கூட எனக்கு உறுத்தும். மூணாவது வாரம் ஒரு அலர்ட் வந்தப்ப அதே உறுத்தல், இந்த சட்டைய எங்கயோ பாத்திருக்கோமே, அந்த போட்டோல இருக்கற பச்சை கலர் கேட்டை பாத்திருக்கோமேன்னு. மேல தள்ளிகிட்டே போனேன், ஆமா, எட்டு நாள் முன்ன வந்த அதே கேஸ். சரின்னு ஒரு பழைய நோட்ட எடுத்து கோடு போட்டு எழுத ஆரம்பிச்சேன்.

ஒரு மாசம் எழுதினேன். வந்த அலர்ட் 61. தனித்தனி சம்பவம்னு பிரிச்சா 24. ஒரே ஒரு கொலை மட்டும் 9 தடவ வந்துச்சு: நடந்தது, புடிச்சது, சிசிடிவி கிடைச்சது, அம்மா அழுதது, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது, ஒரு தலைவர் கண்டிச்சது, கோர்ட்டுக்கு கூட்டிட்டு போனது, அப்புறம் "நடந்தது என்ன"ன்னு மறுபடியும் மொதல்ல இருந்து, கடைசியா ஒரு மனநல டாக்டர் பேட்டி. 24-ல 5 வேற கண்டத்துல நடந்தது, ஆனா தலைப்புல நாட்டு பேரே இருக்காது, உள்ள போய் மூணாவது பாராவுல தான் தெரியும். ரெண்டு வீடியோ பல வருஷம் பழசு, யாரோ புதுசா சுத்த விட்டத இவங்க எடுத்து போட்டுருக்காங்க. இன்னும் மூணுல "சிறுவன்"னு போட்ட ஆளுக்கு வயசு 22, 23. 61-ன்னு கேட்டா வயித்த கலக்குது, உள்ள பிரிச்சா இவ்ளோ தான்.

வாரா வாரம் ஒரு ரிப்போர்ட் வேற அனுப்புவாங்க, கலர் கலரா கிராஃப் போட்டு. ஒருநாள் "சிறார் தாக்குதல் 40 சதவீதம் உயர்வு"ன்னு வந்துச்சு, வீட்டுக்காரர் மூஞ்சி வெளுத்துப் போச்சு. போன வாரம் 5, இந்த வாரம் 7. கணக்கு தப்பில்ல, 40 சதவீதம் தான். ஆனா எத்தன லட்சம் பசங்கள்ல 7? போன வருஷம் இதே வாரம் எத்தன? இது நடந்த சம்பவமா இல்ல உங்களுக்கு கிடைச்ச செய்தியா? ஓபனிங் ஸ்டாக், அதாவது ஆரம்பத்துல இருந்த இருப்பு, அது இல்லாம வரவு மட்டும் எழுதின லெட்ஜர நான் மேனேஜர்கிட்ட கொண்டு போனா மூஞ்சிலயே எறிவார். கஸ்டமர் கேருக்கு இதையே எழுதி கேட்டேன். "உங்கள் பாதுகாப்பே எங்கள் முதல் அக்கறை"ன்னு பதில் வந்துச்சு, கீழ அஞ்சு காலி ஸ்டார், தொட்டு நிரப்பச் சொல்லி.

அவங்க தராத ஓபனிங் ஸ்டாக்க நானே தேடினேன், ராத்திரி ராத்திரி உக்காந்து. தேடினதுல மனசு லேசாச்சான்னா பாதி ஆச்சு.

அமெரிக்கா கணக்கு தான் ரொம்ப வருஷத்துக்கு வரிசையா கிடைக்குது. அங்க 18 வயசுக்கு கீழ இருக்கறவங்க வன்முறை கேஸ்ல கைதானது உச்சத்துல இருந்தது 1994-ல. அதுக்கப்புறம் இறங்கி இறங்கி 2020-ல அந்த உச்சத்துல இருந்து 78 சதவீதம் கம்மி. 2020 கொரோனா வருஷம், எல்லாரும் வீட்டுக்குள்ள இருந்தாங்கன்னு சொல்லலாம், அதுக்கு முந்தின வருஷமே பாதிக்கும் கீழ வந்தாச்சு. இதுல கூத்து என்னன்னா இறங்க ஆரம்பிச்ச நேரத்துல, 1995-ல, ஜான் டிலூலியோன்னு ஒரு பேராசிரியர் "சூப்பர் பிரிடேட்டர்"னு ஒரு வார்த்தைய கெளப்பி விட்டார், ஈவு இரக்கமே இல்லாத ஒரு தலைமுறை வந்துகிட்டு இருக்குன்னு. பேப்பரெல்லாம் புடிச்சுகிச்சு, அரசியல்வாதிங்க புடிச்சுகிட்டாங்க, மாநிலம் மாநிலமா சட்டத்த மாத்தி சின்ன பசங்களயும் பெரியவங்க கோர்ட்டுல நிறுத்தறத ஈசியாக்கினாங்க. அவர் சொன்ன அலை வரவே இல்ல. அவரே பின்னாடி தப்புன்னு ஒத்துகிட்டு, 2012-ல, வெளிய வரவே முடியாத ஆயுள் தண்டனைய சிறார்களுக்கு கட்டாயமா குடுக்கலாமாங்கற மில்லர் வழக்கு அங்க சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தப்ப பசங்க பக்கம் நின்ன அறிஞர்கள் மனுவுல கையெழுத்தும் போட்டார். அதுக்குள்ள உள்ள போனவன் போனவன் தான்.

அதே நாட்டுல கேலப்ங்கற கருத்துக்கணிப்பு கம்பெனி 1993-ல இருந்து எடுத்த 27 சர்வேல 23-ல குறைஞ்சது 60 சதவீதம் பேர் "போன வருஷத்த விட நாட்டுல குற்றம் கூடிருச்சு"ன்னு தான் சொல்லியிருக்காங்க, பாதிக்கு மேல வருஷங்கள்ல குற்றம் இறங்கிகிட்டு இருந்திருக்கு. உங்க ஏரியால எப்படின்னு கேட்டா மட்டும் அவ்ளோ பேர் அப்படி சொல்றதில்ல. பக்கத்து தெருவ கண்ணால பாக்கறோம், நாட்ட போன்ல பாக்கறோம். இங்கிலாந்து வேல்ஸ்ல 2008 வாக்குல சிறார் காவல்ல இருந்தவங்க 3000 கிட்ட, 2023-ல 500-க்கும் கீழ. இது ஒரு அலர்ட்டாவாவது வந்துச்சா? வராது, யார் வீட்டு வாசல்லயும் இறங்கற கிராஃப் முன்னாடி மைக் நீட்ட முடியாதே.

இன்னொண்ணு படிச்சேன், அத படிச்சிட்டு தனியா சிரிச்சேன். 1964 ஈஸ்டர் லீவுல இங்கிலாந்துல கிளாக்டன்னு ஒரு கடற்கரை ஊர்ல மாட்ஸ், ராக்கர்ஸ்னு ரெண்டு செட் இளவட்டம் அடிச்சுகிச்சு. பேப்பர்ல ஊரே நாசம்ங்கற மாதிரி வந்துச்சு. ஸ்டான்லி கோஹன்னு ஒரு சமூகவியல்காரர் அந்த செய்திகள ஒண்ணொண்ணா சரிபாத்திருக்கார். ஒரு படகு கவுந்தத "படகுகள்"னு எழுதியிருக்காங்க. ஒரே சம்பவத்த ரெண்டு விதமா எழுதி ரெண்டு சம்பவம் மாதிரி காட்டியிருக்காங்க. 1972-ல அவர் எழுதினதுக்கு அப்புறம் தான் "மாரல் பேனிக்"ங்கற வார்த்தயே, அதாவது ஊரே ஒண்ண பாத்து அளவுக்கு மீறி பீதியாகறது, எல்லார் வாய்லயும் வந்துச்சு. என் நோட்டுல இருந்த அதே டூப்ளிகேட் என்ட்ரி, நான் பொறக்கறதுக்கு முன்னாடியே ஒருத்தர் புடிச்சு வச்சிருக்கார். ஆப் காரங்க புதுசா கண்டுபுடிச்சது அந்த சைரன் சவுண்ட் மட்டும் தான்.

சரி அப்ப எல்லாமே பில்டப் தானான்னா, அப்படியும் சொல்ல மாட்டேன், அங்க தான் என் வீட்டுக்காரருக்கும் எனக்கும் ஒரு வாரம் சண்ட. கைது குறைஞ்சா குற்றம் குறைஞ்சுதுன்னு அர்த்தமில்ல, போலீஸ் கண்டுக்காம விட்டாலும் குறையும், பள்ளிக்கூடம் சின்ன சண்டைக்கெல்லாம் போலீச கூப்பிட ஆரம்பிச்சா ஏறும். அமெரிக்காவுலயே 2016-ல இருந்து 2022 வரைக்கும் சிறார் செஞ்ச மொத்த குற்றம் இறங்கியிருக்கு, ஆனா கொலை மட்டும் ஏறியிருக்கு. அடிதடி கம்மி, கைல துப்பாக்கி ஜாஸ்தி. 2020-ல அங்க 1 வயசுல இருந்து 19 வயசு வரைக்கும் சாவுக்கு மொத காரணமா துப்பாக்கி வந்துருச்சு, அதுவரைக்கும் வண்டி விபத்து. ஸ்வீடன்ல கேங்க் ஆளுங்க மெசேஜ் ஆப்லயே சின்ன பசங்கள வேலைக்கு புடிக்கறாங்க, 15 வயசுக்கு கீழன்னா தண்டனை கெடயாதுங்கறதால. இதெல்லாம் பேப்பர்காரன் கட்டின கதை இல்ல. உலக சுகாதார நிறுவனம் வருஷத்துக்கு 193000 இளைஞர்கள் கொலையாகறாங்கன்னு சொல்லுது, உலகத்துல நடக்கற மொத்த கொலைல 40 சதவீதம். ஆனா அதுலயும் வயச பாருங்க, 15-ல இருந்து 29. எங்க ஆப்ல இந்த நம்பர் "டீனேஜ் கொலைகள்"னு வந்துச்சு. 29 வயசுல எனக்கு கல்யாணமாகி புள்ள பொறந்தாச்சு.

அதனால கூடுதா குறையுதான்னு ஒத்த வரில கேட்டா எனக்கு பதில் சொல்ல வராது, எந்த ஊரு, எந்த வருஷத்துல இருந்து, அடியா கொலையான்னு திருப்பி கேப்பேன், கேட்டா இவரு "சரி சரி ஆடிட்டர் அம்மா"ன்னு எந்திரிச்சு போயிருவார்.

இப்ப 2 ஸ்டாருக்கு நிஜ காரணம். ரெண்டாவது மாசக் கடைசில ஒருநாள் சாயங்காலம் போன் கத்துச்சு: "பள்ளிக்குள் ஆயுதத்தால் தாக்குதல், மாணவன் படுகாயம், பெற்றோர் பீதி." தொட்டா 19 செகண்ட் வீடியோ. பாத்ததும் கால் நடுங்கிப் போச்சு, அந்த தண்ணி குழாய், பின்னாடி நீல சுவர், என் பையன் படிக்கற ஸ்கூல். ஒருத்தன் இன்னொருத்தன கையில இருக்கற எதாலயோ மொகத்துல அடிக்கறான், ரத்தம் வருது, சுத்தி ஒரே போன் போனா தூக்கி புடிச்சிருக்காங்க, "விடாத டா, விடாத"ன்னு ஒரு குரல். நாலாவது தடவ பாக்கும்போது தான் காது புடிச்சுது. அது என் பையன் குரல்.

வந்ததும் கேட்டேன். தலைய குனிஞ்சுகிட்டே, "எல்லாரும் கத்தினாங்கம்மா"ன்னான். "எல்லாரும்னா? நீ கத்தினியா இல்லயா?"

"கத்தினேன்."

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா வந்துச்சு கதை. ஆயுதம்ங்கறது ஜியாமெட்ரி பாக்ஸ். தகர மூடி முனை புருவத்துல கிழிச்சிருக்கு, ரெண்டு தையல். அடிச்ச பையன் யாருன்னா, அஞ்சு மாசமா கிளாஸ்ல எல்லாரும் ஒரு பட்டப்பேர் வச்சு கூப்பிட்டு, பேகை குழாய்ல நனைச்சு, நோட்ட கிழிச்சு பாடாபடுத்தின பையன். இப்ப அடி வாங்கினவன் தான் அதுக்கு தலைவன். அன்னிக்கு மறுபடி பேகை புடுங்கியிருக்கான், இவன் திருப்பி அடிச்சிட்டான். வீடியோ ஆரம்பிக்கறதே அந்த அடில இருந்து தான். முன்னாடி அஞ்சு மாசம் எவனும் போன் தூக்கல, அதனால அஞ்சு மாசமும் எந்த அலர்ட்லயும் இல்ல, எந்த கிராஃப்லயும் இல்ல, ஸ்கூல் ரெக்கார்டுல கூட இருக்காதுன்னு நெனக்கறேன்.

நான் என்னமோ இந்த ஆப் இல்லாதத ஊதி பெருசாக்குதுன்னு மட்டும் தான் நெனச்சுகிட்டு இருந்தேன். நிஜமா தினமும் நடக்கறத அது எண்ணவே இல்லங்கறது எனக்கு அன்னிக்கு தான் உறைச்சுது. ஒரு பக்கம் ஒரு பில்ல 9 தடவ ஏத்தறான், இன்னொரு பக்கம் பின்வாசல் வழியா போற சரக்குக்கு என்ட்ரியே இல்ல.

அந்த கத்தினது பத்தி ஒண்ணு. 2005-ல அமெரிக்காவுல கார்ட்னர், ஸ்டெயின்பெர்க்னு ரெண்டு பேர் ஒரு சோதனை பண்ணியிருக்காங்க, கம்ப்யூட்டர்ல கார் ஓட்டற கேம், சிக்னல் மஞ்சளானா நிறுத்தறதா போறதான்னு. தனியா ஓட்டினப்ப வயசு பசங்களும் பெரியவங்களும் பெரிய வித்தியாசம் இல்ல, கூட்டாளிங்க பக்கத்துல நின்னு பாத்தா பசங்க ரிஸ்க் எடுக்கறது எகிறிருச்சு, பெரியவங்களுக்கு ஒண்ணும் ஆகல. என் பையன் தனியா இருந்திருந்தா ஓடிப் போய் வாத்தியார கூப்பிட்டிருப்பான்னு நான் நம்பறேன், அம்மாங்கறதால நம்பறேனோ என்னமோ. அந்த குழாய் பக்கத்துல முப்பது பேர் இருந்தாங்க, முப்பது போன் இருந்துச்சு.

வீடியோல ரெண்டு பையன் மொகமும் பளிச்னு தெரியுது. மொகத்த மறைக்கணும்னு ஒரு சின்ன அறிவு கூட இல்ல. சிறார் கேஸ்ல அடையாளம் தெரியற எதையும் வெளியிடக் கூடாதுன்னு 1985-லயே ஐநா சபை பெய்ஜிங் விதிகள்ல எழுதி வச்சாச்சு. கமென்ட்ல போய் பாத்தேன், "தூக்குல போடு", "பொறுக்கி", "வளர்ப்பு சரியில்ல". அந்த அடிச்ச பையனோட அம்மாவ எனக்கு மொகம் தெரியும், பேரன்ட்ஸ் மீட்டிங்ல கடைசி பெஞ்சுல உக்காந்துட்டு எதுவும் பேசாம போயிருவாங்க. அவங்களும் இத படிச்சிருப்பாங்க. ஆப்க்கு எழுதினேன், ஆயுதம் இல்ல ஜியாமெட்ரி பாக்ஸ், படுகாயம் இல்ல ரெண்டு தையல், மொகத்த எடுங்கன்னு. ரெண்டு நாள் கழிச்சு தலைப்புல "ஆயுதத்தால்" போய் "கூரிய பொருளால்"னு வந்துச்சு. மொகம் அப்படியே இருந்துச்சு. திரும்ப திரும்ப ரிப்போர்ட் பண்ணி, மூணாவது தடவ தான் வீடியோ போச்சு, அதுக்குள்ள எங்கெல்லாம் சுத்துச்சோ.

வீட்டுல நடந்தது தனிக் கதை, என் பையன் அந்த அடிச்ச பையன் வீட்டுக்கு போய் மன்னிப்பு கேட்டான், கதவு பாதி தான் தொறந்துச்சாம். ஸ்கூல்ல அடிச்சவனுக்கு ஒரு வாரம் சஸ்பென்ஷன், அஞ்சு மாசம் பண்ணினவனுக்கு தையல் போட்டுருக்குன்னு அனுதாபம். நான் போய் பேசினேன், பாக்கறோம்னாங்க.

மத்த சின்ன சின்ன விஷயம்: மேப்ல சம்பவம் நடந்த எடம்னு ஒரு செவப்பு புள்ளி வைப்பாங்க, பல புள்ளி ஊரு மையத்துல தான் குத்தியிருக்கும், எடம் தெரியாட்டி அங்க வச்சிருவாங்க போல. ஷேர் பட்டன் மட்டும் கட்டை விரல் சைசுல இருக்கும், தெரியாம ரெண்டு தடவ குடும்ப குரூப்புக்கு போயிருச்சு, ஒரு தடவ மாமியார் போன் பண்ணி அழுதாங்க. "பள்ளிகள் பாதுகாப்பா?"ன்னு தெனமும் ஒரு ஓட்டெடுப்பு வரும், இல்லன்னு தான் எல்லாரும் குத்துவாங்க. வருஷக்கணக்கா துப்பாக்கி சூடு நடக்கற அமெரிக்காவுலயே பள்ளி வயசு பசங்க கொலைல பள்ளிக்குள்ள நடக்கறது 3 சதவீதத்துக்கும் கம்மின்னு அவங்க நோய் தடுப்பு மையமே சொல்லுது, அந்த ஓட்டெடுப்புக்கு கீழ இத கமென்ட்டா போட்டேன், டெலிட் பண்ணிட்டாங்க. பேட்டரியும் நல்லா குடிக்கும்.

சந்தாவ நிறுத்தறது மட்டும் ரெண்டே தட்டுல முடிஞ்சுது, அதுக்கு தான் அந்த ரெண்டாவது ஸ்டார். பெத்தவங்களுக்கு இது தேவையான்னு கேட்டா, வாங்காதீங்க, ஆனா ஏற்கனவே வாங்கியாச்சுன்னா ஒரு மாசம் நோட்டு போட்டு எழுதிப் பாருங்க, ஒவ்வொண்ணுக்கும் ஊரு, தேதி, வயசு, எத்தனாவது தடவ, இந்த நாலு கட்டம் போதும்.

என் போன்ல எடுத்துட்டேன், அவரு போன்ல இன்னும் வச்சிருக்கார், தெரிஞ்சுக்கறதுல தப்பில்லம்பார். நேத்து ராத்திரி சாப்பிட்டுகிட்டு இருக்கும்போது அடிச்சுது. அவரு எடுத்து பாத்து உச்சு கொட்டினார். பையன் தட்டுல இருந்து கைய எடுக்காம எட்டிப் பாத்துட்டு, "அப்பா இது போன மாசமே வந்துச்சு, அந்த பச்சை கேட்டு பாரு"ன்னான்.